பதினஞ்சாவது குழியில் விழுந்தேன்!

திருவையாறு ஐயாறப்பர் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? பிராகாரத்தில் ஓர் இடம் உண்டு. அங்கே நின்று ‘ஐயாறா...’ என்று ஒரு தடவை கூப்பிட்டால் ஏழு தடவை திருப்பிக் கேட்கும் என்பார்கள். சின்ன வயசில் நாங்கள் கோயிலுக்குப் போனதே அதற்காகத்தான். சாமி பெயரைக் கூப்பிட்டு முடித்ததும், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு கணக்கு வாத்தியார் பெயரையும் கூப்பிடுவோம்!

ஒரு தப்பு செய்தால் அதுவும் இப்படித்தான் ஏழு தடவை திருப்பிக் கேட்கும். இதை நான் தெரிந்துகொண்டது ஊரில் இல்லை. நீலகிரியில், ஒரு கோல்ஃப் மைதானத்தின் பதினஞ்சாவது குழியில்!

‘திருவையாற்றுக்காரனுக்கும் கோல்ஃபுக்கும் என்னய்யா சம்பந்தம்?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். எங்க ஊரில் தியாகராஜ சுவாமிகள் சமாதி உண்டு. ஆராதனை உண்டு. நெய் சொட்டச் சொட்ட அசோகா உண்டு. கோல்ஃப் மைதானம் கிடையாது. எங்கே பச்சையாகத் தெரிந்தாலும் அது நெல். எங்களுக்கு ஒரே கிரவுண்டு காவிரிதான். தண்ணீர் வராத மாசங்களில் ஆற்று மணலில் கிரிக்கெட். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் ஆட்டம் க்ளோஸ்!

சென்னையில் வேலைக்குச் சேர்ந்தபோது வாய்த்த மேனேஜர் ஒரு கோல்ஃப் பைத்தியம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, “சும்மா வாப்பா, வேடிக்கை பாரு” என்று கூட்டிக்கொண்டு போனார். ‘கையில் ஒரு கோல், கீழே ஒரு பந்து. அதுவும் அசையாத பந்து. இதை அடிக்க என்ன கஷ்டம்?’ என்று நினைத்து வீசினேன். புல் பறந்தது, மண் பறந்தது. பந்து மட்டும் போட்ட இடத்திலேயே உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி இலக்கணம். மொத்தம் 18 குழி. ஒவ்வொன்றையும் இத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்று ஓர் எண் உண்டு. அதுதான் ‘பார்’. மூன்று, நான்கு அல்லது ஐந்து. ஓர் அடி குறைந்தால் ‘பேர்டி’, கூடினால் ‘போகி’. கடைசியில் எல்லா அடியையும் கூட்டுவார்கள். குறைவாக அடித்தவனுக்கே வெற்றி. சம்பளத்தைத் தவிர, குறைந்தால் சந்தோஷப்படுகிற ஒரு விஷயம் இருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியம்!

இந்த ஆட்டத்தின் விஷமம் அந்தக் கூட்டலில்தான் இருக்கிறது. பதினேழு குழியில் நீங்கள் நல்ல பிள்ளையாக இருந்தாலும், ஒரே ஒரு குழியில் புத்தி கெட்டால் போதும், நாள் பூராவும் சம்பாதித்தது காலி.

பதினொன்று!

எங்கள் கம்பெனி ஆட்களும் வாடிக்கையாளர்களும் வருஷத்துக்கு ஒரு தடவை நீலகிரியில் ஆடுவோம். ஜோடி ஜோடியாகப் போட்டி. இருவர் அடியையும் கூட்டி, குறைவாக வந்த ஜோடிக்குக் கோப்பை. எங்கள் மேனேஜர் 22 வருஷமாக ஆடியும் அந்தக் கோப்பையைத் தொட்டதில்லை. அடுத்த மாசம் ரிடையர்மென்ட். அதுதான் அவருக்குக் கடைசி வாய்ப்பு. தன் ஜோடியாக அவர் சேர்த்துக்கொண்டது என்னை!

பதினாலு குழி முடிந்தபோது நாங்கள்தான் முன்னால். சார் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் இன்கிரிமென்ட் சமயத்தில்கூடப் பார்த்ததில்லை.

பதினஞ்சாவது குழி, பார் ஐந்து. வலது பக்கம் மரக்கூட்டம். இடது பக்கம் ஓடை. நான் டிரைவரை எடுத்தேன். இருப்பதிலேயே நீளமான கோல், ரொம்ப தூரம் அடிக்கும். பந்து வலது பக்கம் வளைந்துபோய் மரங்களுக்குள் நுழைந்தது. சரி, ஒன்று.

பந்தைத் தேடிப் பிடித்தது என்னுடன் வந்த கேடி. (கோல் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்து யோசனையும் சொல்கிறவரை அப்படித்தான் அழைப்பார்கள். போலீஸ் ஸ்டேஷன் போர்டில் போட்டோ இருக்குமே, அந்தக் கேடி வேறு!) அறுபது வயசிருக்கும். எட்டாம் நம்பர் அயர்னை என்னிடம் நீட்டினார். “சைடுல தட்டி விட்டுருங்க சார். ரோட்டுக்கு வந்துரலாம்” என்றார். ரோடு என்று அவர் சொன்னது, நடுவில் ஒட்ட வெட்டின ஃபேர்வே புல்தரையை.

நான் பார்த்ததோ இரண்டு மரத்துக்கு நடுவில் தெரிந்த சந்தை. அதன் வழியாக அடித்தால் நேரே போய்விடலாமே! “வேண்டாம்ணே, பெரிய கட்டையைக் குடுங்க” என்றேன்.

இரண்டாவது அடி மரத்தில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. கோபம். மூன்றாவது அடி முழங்கால் உயரப் புல்லுக்குள் போனது. இன்னும் கோபம். நான்காவது, ஓடையில். அதற்குத் தண்டனையாக ஓர் அடி, ஐந்து. வெளியே பந்தைப் போட்டு அடித்தேன். ஆறாவது அடி பங்கர் என்கிற மணல் குழிக்குள். ‘மணல்தானே, காவிரிக்காரனுக்குப் பழக்கம்தான்’ என்று இறங்கினேன். ஏழாவது அடி மணலை மட்டும் வாரி என் தலையில் போட்டது. எட்டாவதில் பந்து கிரீனுக்கு ஏறியது. பிறகு குழிக்குள் தள்ள மூன்று அடி. ஒன்பது, பத்து, பதினொன்று!

கோபத்தைப் பதினாறாவது குழிக்கும் சுமந்துகொண்டு போய் அங்கேயும் இரண்டு அடி விட்டேன். கடைசியில் மூன்று அடி வித்தியாசத்தில் தோற்றோம். பெரியவர் சொன்னபடி பக்கவாட்டில் தட்டியிருந்தால், எத்தனை மோசமாக ஆடியிருந்தாலும் ஏழில் முடித்திருப்பேன். நாலு அடி மிச்சம். அது ஒன்றே போதும், ஓர் அடியில் ஜெயித்திருப்போம்.

காரில் சார் ஒன்றும் பேசவில்லை. மலை இறங்கி டீ குடிக்க நிறுத்தினபோது மட்டும் சொன்னார். “குழி பதினெட்டு இருக்குப்பா. நீ ஒண்ணுலயே குடித்தனம் பண்ணிட்டே.”

திட்டியிருந்தால் தேவலை.

பெரிய மனிதர்களும் விழுந்த குழிகள்

மனசு ஆறாமல், நம்மைப் போல் விழுந்தவர்கள் யார் யார் என்று தேடிப் படித்தேன். பட்டியல் பெரிசு!

1999, ஸ்காட்லாந்தில் கார்னூஸ்டி, பிரிட்டிஷ் ஓபன். பிரான்ஸ் நாட்டு ழான் வான் டி வெல்ட் கடைசிக் குழிக்கு வரும்போது மூன்று அடி முன்னணியில் இருந்தார். பார் நான்கு. ஆறு அடித்தாலும் கோப்பை அவருக்குத்தான். ஆனால், மனிதர் பாதுகாப்பாக ஆடவில்லை. டிரைவரை எடுத்தார். இரண்டாவது அடி பார்வையாளர் ஸ்டாண்டில் பட்டுத் திரும்பிப் புதருக்குள் விழுந்தது. மூன்றாவது ஓடையில். ஷூவைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி நின்று யோசித்தார். அந்தக் காட்சியை உலகமே டி.வி-யில் பார்த்தது. கடைசியில் ஏழு. பிளே-ஆஃபில் கோப்பை பால் லாரிக்குப் போனது. அவர் அன்று காலை பத்து அடி பின்னால் இருந்தவர்!

2016 மாஸ்டர்ஸ். அமெரிக்காவின் ஜோர்டான் ஸ்பீத் கடைசி நாளில் பாதி ஆட்டம் முடிந்தபோது ஐந்து அடி முன்னால். பன்னிரண்டாவது குழி, பார் மூன்று. பந்து ஓடையில். திரும்ப அடித்தார், திரும்பவும் ஓடையில். அந்தக் குழிக்கு ஏழு அடி. டேனி வில்லெட் கோட்டு மாட்டிக்கொண்டார்.

ஓர் அடியின் விலை என்ன தெரியுமா? 2022-ல் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பில் நம்ம அனிர்பன் லாஹிரி ஒரே ஓர் அடியில் கேமரன் ஸ்மித்திடம் தோற்றார். முதல் பரிசு 36 லட்சம் டாலர். இரண்டாம் பரிசு சுமார் 21.8 லட்சம் டாலர். கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்!

ஒடப்ப மொதல்ல அடை!

தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. காலையில் அப்பாவோடு வயலுக்குப் போனால், வரப்பில் உடைப்பு. சம்பா நட்ட வயலிலிருந்து தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு ஓடுகிறது. எனக்கு வந்ததே கோபம்! “யாருப்பா இத வெட்டிவிட்டது? பக்கத்து வயக்காரங்கதானே?” என்று கத்தினேன்.

அப்பா மண்வெட்டியோடு குனிந்தவர் நிமிரவே இல்லை. “ஒடப்ப மொதல்ல அடைடா. யாரு ஒடச்சாங்கன்னு அப்புறம் பாத்துக்கலாம். நீ பேசிட்டு நிக்கிற நேரத்துக்கு ஒரு சாண் ஒரு முழமாயிடும்.”

கையில் வைக்கோலோடு அப்படியே நின்றுவிட்டேன். இதைத்தானே எட்டாம் நம்பர் அயர்னை நீட்டி அந்தப் பெரியவர் சொன்னார்!

மரத்துக்குப் பின்னால் பந்து கிடப்பது உடைப்பு. போன அடியை இந்த அடியில் சேர்த்துச் சம்பாதிக்க நினைத்தேன் பாருங்கள், அது உடைந்த மடையில் இன்னும் தண்ணீரைத் திறந்துவிடுகிற வேலை. முதல் தப்பில் போனது ஓர் அடிதான். மிச்சம் எல்லாம், அந்த ஓர் அடியைத் திரும்பப் பிடிக்கப் போய் விட்டது.

ஆபீஸிலும் இதே கதைதானே? ஸ்டேட்மென்ட்டில் ஒரு தொகை தப்பு. பத்து மணிக்கே மேலதிகாரியிடம் சொன்னால் ஒரு திட்டோடு போகும். மறைக்க இன்னொரு இடத்தில் கூட்டி, அதைச் சரிக்கட்ட வேறிடத்தில் கழித்து, சாயங்காலம் நான்கு பேரேடு நாசம். நான் செய்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

குழியில் விழாமல் இருக்க...

ஒரு வருஷம் பெரியவர்களிடம் கேட்டும், பட்டும் தெரிந்துகொண்டவை இவை:

- இடம் குறுகலா? டிரைவர் பையிலேயே தூங்கட்டும். சின்னக் கோலால் இருபது கஜம் குறைவாக அடித்தாலும் பந்து ரோட்டில் இருக்கும்.

- ஆபத்து எந்தப் பக்கமோ, டீயில் அந்தப் பக்கமாகவே பந்தை வைத்து எதிர்ப்பக்கம் பார்த்து அடியுங்கள்.

- மரத்துக்குள் போனால் குறுக்குச் சந்தைப் பார்க்காதீர்கள். எந்தப் பக்கம் பெரிய வெளியோ அந்தப் பக்கம், பின்னால் போனாலும் பரவாயில்லை.

- அடிக்கவே முடியாத இடமா? ‘ஆடமுடியாத பந்து’ என்று அறிவித்து, ஓர் அடி தண்டனையோடு இரண்டு கோல் நீளத்துக்குள், குழிக்கு நெருங்காமல் பந்தைப் போட்டுக்கொள்ள விதியே இடம் தருகிறது. தண்டனையைக் கட்டுவது கேவலமில்லை.

- பங்கரில் பந்தை அடிக்கக் கூடாது. அதற்கு ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் பின்னால் மணலை அடித்தால், மணலே பந்தைத் தூக்கிவிடும். கொடியைப் பார்க்க வேண்டாம். வெளியே வந்தால் போதும்.

- கிரீனில் தூரத்திலிருந்து தள்ளும்போது குழிக்குள் விழ வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். குழிக்குப் பக்கத்தில் நின்றால் போதும். மூன்றாவது அடி தப்பும்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டு. தண்டனையைக் கட்டினதும் மறந்துவிட வேண்டும். ஹேண்டிகேப் கணக்குப் போடுகிறவர்களே மறந்துவிடுகிறார்கள்! 2020-ல் வந்த உலகப் பொது முறையில், ஒரு குழியில் எத்தனை அடித்தாலும் ஹேண்டிகேப் கணக்குக்கு ஒரு வரம்புக்கு மேல் ஏற்றுவதில்லை. 1932-லேயே இங்கிலாந்தில் டாக்டர் ஸ்டேபிள்ஃபோர்ட் என்பவர் புள்ளி முறை ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் நாசமான குழிக்குப் பூஜ்யம், அவ்வளவுதான். அடுத்த குழி புதுக் கணக்கு.

மறந்தால் என்ன நடக்கும்? 2016-ல் விழுந்த அதே ஸ்பீத், 2017 பிரிட்டிஷ் ஓபன் கடைசி நாளில் பதின்மூன்றாவது குழியில் பந்தை எங்கோ மேட்டுக்கு அடித்துவிட்டார். இந்தத் தடவை வீரம் காட்டவில்லை. ‘ஆடமுடியாத பந்து’ என்று தண்டனையை ஏற்று, நிதானமாக யோசித்து, போகியோடு தப்பித்தார். ஓர் அடி பின்னால் போனார். அடுத்த நான்கு குழியில் மூன்று பேர்டி, ஓர் ஈகிள். கோப்பை அவருக்கே! 2020 மாஸ்டர்ஸில் டைகர் வுட்ஸ் ஒரு பார்-மூன்று குழிக்குப் பத்து அடித்தார். கோலை வீசிவிட்டுப் போகவில்லை. கடைசி ஆறு குழியில் ஐந்து பேர்டி!

மறுபடியும் பதினஞ்சு

மறு வருஷம் அதே மைதானம். சார் ரிடையர் ஆகிவிட்டார், ஜோடி வேறு ஒருவர். கேடி அதே பெரியவர். பதினஞ்சாவது குழி. பந்து அதே மரக்கூட்டத்துக்குள்! பெரியவர் என் முகத்தைப் பார்த்தார். சந்து அப்படியேதான் இருந்தது, ‘வா வா’ என்றது.

“எட்டாம் நம்பரு குடுங்கண்ணே” என்றேன்.

பக்கவாட்டில் தட்டினேன், இரண்டு. ரோட்டிலிருந்து மூன்று, நான்காவதில் கிரீன். தள்ளினது இரண்டு. மொத்தம் ஆறு.

ராத்திரி சார் போன் செய்தார். “என்னப்பா, ஜெயிச்சியா?”

“இல்ல சார். மூணாவது இடம்.”

“பதினஞ்சுல எவ்ளோ?”

“ஆறு சார். திரும்பவும் மரத்துக்குள்ள போயிடுச்சு... சைடுல தட்டிட்டேன்.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அந்தக் கோப்பை இனி அவர் வீட்டு அலமாரிக்கு வரப்போவதில்லை. அந்தக் கடன் என் கணக்கில்தான். ‘ஸாரி சார்’ என்று சொல்ல வாயெடுத்தேன்.

“ஆறா? சபாஷ்ப்பா!” என்றார் சார்.