பிள்ளைகளுக்கு மன்னாரைக் காட்டுங்கள்

முகாமில் பிறந்து வளர்ந்த உங்கள் பிள்ளைகளுக்கு மன்னார், நீங்கள் சொல்லக் கேட்ட ஊர் மட்டுமே. வீட்டு வேலைகளுக்கு இடையில் ஒருநாள் அவர்களைக் கூட்டிச் சென்று காட்டுங்கள்.

சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் பாலாவிக் கரையில் உள்ளது. அதைச் சூழ்ந்த மாதோட்டம் பண்டைக் காலத்தில் பேர்பெற்ற துறைமுகம். பாலத்தைக் கடந்து தீவுக்குள் சென்றால், 1560இல் போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டையைக் காணலாம். பள்ளிமுனையில் நிற்கும் பருத்த பெருக்கமரத்தை எத்தனை பேர் கைகோத்தால் சுற்றலாம் என்று பிள்ளைகளைக் கேளுங்கள்.

எங்கு போனாலும் ஊரவர் நாளாந்தம் பாவிக்கும் பாதையிலேயே செல்லுங்கள். பற்றைக்காடு, கைவிடப்பட்ட கட்டடம், பதுங்குகுழி ஆகியவற்றுக்குள் நுழைய வேண்டாம். மண்டையோட்டுக் குறியுள்ள சிவப்புப் பலகையைத் தாண்டவே கூடாது. பலகை இல்லை என்பதற்காக ஓர் இடத்தைப் பாதுகாப்பானது என்று எண்ணிவிடாதீர்கள். மழை மண்ணை அரிக்கும்போது புதைந்திருந்த வெடிபொருட்கள் வெளியே தெரியலாம். சந்தேகமான பொருளைக் கண்டால், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலரிடமோ பொலிசாரிடமோ உடனே அறிவியுங்கள்.

புறப்படுமுன் இந்த மூன்றையும் பிள்ளைகளைச் சொல்லச் செய்யுங்கள்: கிட்டப் போகமாட்டேன், தொடமாட்டேன், பெரியவர்களிடம் சொல்வேன்.