கடுகண்ணாவை ஏறிய வண்டிகள்

கிழமாட்டை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடும் இவ்வுலகம், கிழ மோட்டார் வண்டியை மட்டும் துடைத்து மெருகிட்டுத் திடலின் நடுவே நிறுத்தி, சுற்றிச் சுற்றி வந்து பார்க்கின்றது. இவ்விந்தையைக் காண விரும்புவோர் கடல் கடந்து போகவேண்டியதில்லை. கொழும்பிலும் நுவரெலியாவிலும், சிற்சில வேளைகளில் எமது கண்டியிலும் பழைய வண்டிகளின் காட்சிகள் நடைபெறுவதுண்டு. அவற்றுக்கு நாம் பல்லாண்டுகளாகச் சென்று வருகின்றோம். வீட்டார் இதனை ஒரு நோய் என்பர். நாமும் மறுப்பதில்லை.

காலை எட்டு மணிக்கே திடல் நிரம்பிவிடும். ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் ஒக்ஸ்போர்ட், ஹில்மன் மிங்ஸ், பிரெஞ்சு நாட்டுப் பெஜோ 203, வண்டினைப் போன்ற வொக்ஸ்வாகன், இரண்டாம் உலகப் போர் விட்டுச்சென்ற வில்லிஸ் ஜீப் என்று வரிசை நீளும். போர்க்காலத்தில் தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைகளின் தலைமையகம் 1944ஆம் ஆண்டு முதல் பேராதனைப் பூங்காவிலேயே இருந்தது. ஆகையால் ஜீப்பைக் காணும் கண்டிவாசிக்கு அது ஏதோ உறவினர் வீட்டு வண்டிபோலத் தோன்றுவதில் வியப்பில்லை. சிறுவர்களைக் கவர்வது வேறு. பழைய வண்டிகளின் கதவோரத் தூணிலிருந்து, திரும்பும் திசையைக் காட்டுவதற்காக ஒரு சிறு கை வெளியே நீளும். உள்ளே விளக்கெரியும் அந்தக் கையை நீட்டியும் மடக்கியும் காட்டச் சொல்லிப் பிள்ளைகள் சொந்தக்காரரைப் படுத்தும் பாடு சொல்லுந்தரமன்று.

எமக்கோ எண்தகடுகளை வாசிப்பதில்தான் விருப்பம். முன்னாளில் எண்ணுக்கு முன்னே ‘சிலோன்’ என்னும் ஆங்கிலச் சொல்லிலிருந்து பொறுக்கிய இரண்டிரண்டு எழுத்துக்கள் இருந்தன: சீ ஈ, சீ என், ஈ எல், ஈ வை. அவற்றைக் கண்டால் வண்டியின் வயதை ஓரளவு சொல்லிவிடலாம். 1957ஆம் ஆண்டில் அவ்வெழுத்துக்கள் போய், சிங்கள ‘ஸ்ரீ’ வந்தது. 1958இல் வடக்கில் அவ்வெழுத்தின் மேல் தார் பூசினார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளின் மேல் தார் பூசினார்கள். அவ்வாண்டு மே மாதத்தில் நடந்தவற்றை எம் மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். இன்று அத்தகடுகள் இரண்டும் ஒரே வரிசையில், ஒரே வெயிலில், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நிற்கின்றன. ‘1 ஸ்ரீ’ தகட்டைச் சொந்தக்காரர் பெருமையோடு துடைக்கின்றார். இளைஞர் படம் எடுத்துக்கொள்கின்றனர். ஒரு தகரத் துண்டு இவ்வளவையும் சுமக்கும் என்று பார்ப்போருள் எத்தனை பேருக்குத் தெரியுமோ, நாம் அறியோம்.

இவ்வண்டிகளைப் பேணுவோருக்கு இலங்கையில் கழகங்கள் உண்டு. அவற்றுள் பழைய வண்டிச் சொந்தக்காரர் கழகம் 1987இல் தொடங்கியது. பழமைக்கும் அவர்கள் ஓர் எல்லை வகுத்திருக்கின்றனர். இங்கிலாந்தில் 1934ஆம் ஆண்டில் அமைந்த ஒரு கழகம், 1930ஆம் ஆண்டின் முடிவுக்குள் செய்யப்பட்ட வண்டிகளையே ‘விண்டேஜ்’ என்று ஏற்றுக்கொண்டது. போருக்குப் பிந்திய வண்டிகளைப் பொதுவாகக் ‘கிளாசிக்’ என்பர். அதே 1934ஆம் ஆண்டிலேதான் நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியும் தொடங்கிற்று. வளைந்து வளைந்து ஏறும் ஒரு சிறு மலைப்பாதையில் ஒவ்வொரு வண்டியாக விட்டு, கடிகாரம் பிடித்து நேரம் பார்ப்பார்கள். எம் நாட்டில் மோட்டார் வண்டியின் பெருமை சமதரையில் ஓடும் வேகத்தில் அன்று, மலையேறும் திறத்திலேயே அளக்கப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மலையேறுதல் பழைய வண்டிக்கு எளிய செயலன்று. மாணவ நேயர்கள் இவ்விடத்தைச் சற்றுக் கவனிக்கவேண்டும். ஏற்றத்தில் இயந்திரம் மிகுந்த உழைப்போடு சுழல்கின்றது. வண்டியோ மெல்ல நகர்கின்றது. ஆகவே முன்புறத்து நீர்த்தொட்டியைக் குளிர்விக்கும் காற்று குறைகின்றது. சில பழைய வண்டிகளில் நீரைச் சுற்றியோட்டும் பம்பே கிடையாது. சூடான நீர் தானே மேலெழுந்து, குளிர்ந்த நீர் தானே கீழிறங்க வேண்டும். அதன்மேல் உயரம் வேறு தொல்லை தருகின்றது. கடல்மட்டத்தில் 100 பாகை சென்றிகிறேட்டில் கொதிக்கும் நீர், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். அங்கே காற்றின் அழுத்தமும் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைவு. இயந்திரமும் மூச்சு வாங்குகின்றது என்று சொன்னால் அது வெறும் உவமையன்று.

கொழும்பிலிருந்து கண்டிக்கு வருவோரின் முதற்சோதனை கடுகண்ணாவைக் கணவாய். அவ்வீதியைச் சமைத்த தளபதி டோசனின் நினைவாக 1832இல் எழுப்பிய கோபுரம் கணவாயின் உச்சியில் நிற்கின்றது. பாறையைக் குடைந்த பழைய வாயிலும் அண்மையில் உண்டு. எமது குழந்தைப் பருவத்தில் அக்கோபுரம் எமக்கு வரலாற்றுச் சின்னமன்று. ‘இனித் தண்ணீர் ஊற்றவேண்டாம்’ என்பதற்கான அடையாளம். தந்தையார் 1974இல் பழைய வண்டியாக வாங்கிய மொறிஸ் மைனரில் கொழும்புக்குப் போய்த் திரும்புகையில், மாவனல்லையைக் கடந்ததுமே அன்னையார் பேச்சை நிறுத்திவிடுவார். பின்னாசனத்தில் எம் கால்மாட்டில் எப்போதும் ஒரு தகர டின் நிறையத் தண்ணீர் இருக்கும். மூடியின் ஓரத்தில் ஆவி சீறத் தொடங்கினால் தந்தையார் ஓரங்கட்டி, ஈரச் சாக்கைக் கையிற் சுற்றிக்கொண்டு இறங்குவார். நாம் மாங்காய் தின்போம்.

மொறிஸ் மைனரைப் பற்றி இரண்டு சொல் சொல்லாமல் அப்பாற் செல்ல மனம் வரவில்லை. அலெக் இசிகோனிஸ் என்பவர் வரைந்த அவ்வண்டி 1948இல் வெளிவந்தது. மாதிரி வண்டி ஒடுக்கமாக இருக்கிறதென்று கண்ட அவர், அதை நெடுக்காக இரண்டாய் அறுத்து, நடுவில் நான்கு அங்குலம் கூட்டினாராம். இயந்திர மூடியின் நடுவே ஓடும் மேடான பட்டை அவ்வறுவையின் தழும்பே. கம்பனி முதலாளியான நபீல்ட் பிரபுவுக்கு அது பிடிக்கவில்லை; அவித்த முட்டையைப்போல் இருக்கிறது என்று இகழ்ந்தார். ஆயினும் பத்து இலட்சம் விற்ற முதல் பிரித்தானிய வண்டி என்னும் பெயரை அந்த முட்டையே பெற்றது. எமது வண்டி 1952க்குப் பின்வந்த வகை. 803 கன சென்றிமீற்றர் இயந்திரம், முப்பது குதிரைவலு. இன்றைய மோட்டார் சைக்கிள் சிலவற்றுக்கு அதைவிட வலு அதிகம்.

1986இல் அவ்வியந்திரத்தின் சுழல்தண்டு முறிந்தது. கராஜ் பாஸ் ஒருவர், ஜப்பானிலிருந்து வந்து இறங்கிய பழைய இயந்திரமொன்றை வாங்கி, தாங்கிகளை வெட்டி ஒட்டி, அதே மூடிக்குள் அதனை அடக்கிவிட்டார். அன்றுமுதல் கடுகண்ணாவையில் நாங்கள் நின்றதில்லை. அன்னையாரும் பேச்சை நிறுத்தவில்லை.

அந்த வண்டியைத்தான் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காட்சிக்குக் கொண்டுபோனோம். மூன்று நாள் மெருகிட்டோம். எம் மகள் குரோமியத் தகடுகளைப் பற்பொடியால் துலக்கினாள். நடுவர் வந்தார். மிகப் பண்பானவர். கதவை மூடித் திறந்தார். நீளும் கையை நீட்டச் செய்து மகிழ்ந்தார். பின் இயந்திர மூடியைத் தூக்கினார். உள்ளே பார்த்தவர் புன்னகையோடு மெதுவாக மூடியை இறக்கினார். “அழகான வண்டி. ஆனால், அசல் அன்று” என்று சொல்லித் தாளில் எதையோ குறித்துக்கொண்டு அடுத்த வண்டிக்குச் சென்றார்.

“அப்பா, அப்படியென்றால் எங்களுடையது போலியா?” என்று மகள் கேட்டாள். அப்போது எமக்கு விடை தோன்றவில்லை.

நடுவர் மேல் குறையில்லை. அசல் உறுப்புக்கு மதிப்பெண், மாற்றுறுப்புக்குக் கழிவு என்பது உலகெங்கும் இக்காட்சிகளில் உள்ள விதி. திருகாணி முதல் ஆசனத் துணிவரை கம்பனி போட்டபடியே இருக்கவேண்டும். ஆனால் இவ்விதி எங்கே பிறந்தது? உதிரியுறுப்பு வேண்டுமென்றால் கடைக்குப் போய் வாங்கக்கூடிய நாடுகளில் பிறந்தது. இங்கே 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி முடையினால் வண்டி இறக்குமதி நெருக்கப்பட்டது. இருந்த வண்டியே வண்டி. 1977இல் கதவு திறக்கும்வரை, ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம், ஒஸ்ரினையும் மொறிஸையும் ஓடச் செய்தவர்கள் கட்டுகஸ்தோட்டையிலும் கம்பளையிலும் மாத்தளையிலும் தகரக் கொட்டகைக்குள் வேலை செய்த பாஸ்மாரே. இல்லாத உறுப்பைக் கடைசல் பிடித்தார்கள். தேய்ந்ததை ஒட்டி அராவினார்கள். ஒரு வண்டியின் உறுப்பை வேறொரு வண்டிக்குப் பொருத்தினார்கள். அவர்கள் அசலைக் காக்கவில்லை. வண்டியைக் காத்தார்கள்.

இக்கைத்திறத்துக்கு ஒரு வெளிநாட்டுச் சான்றும் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனருக்கென்றே ஒரு நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவர், வண்டியை எறியாமல் ஆண்டாண்டாகப் பேணி ஓட்டுவதே சிக்கனம் என்று 1982இல் ஒரு நூலே எழுதினார். 1990களில் அவருடைய கூட்டுறவோடு இலங்கையில் ஒரு தொழிற்சாலை அமைந்து, மொறிஸ் மைனரின் தகட்டுறுப்புக்களைச் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பிற்று. பிறந்தகம் செய்வதை நிறுத்திய உறுப்புக்களைப் புகுந்தகம் செய்து கொடுத்தது. நம்மவர் அடித்த தகட்டைப் பூட்டிக்கொண்டு அங்கே ‘அசல்’ என்று பரிசு பெற்ற வண்டியும் இருக்கக்கூடும்!

அமெரிக்காவிலோ மாற்றுவதே ஒரு கலையாகிவிட்டது. கலிபோர்னியா இளைஞர் 1930களிலேயே மலிவான பழைய போர்ட் வண்டிகளை வாங்கி, மட்காப்பையும் மூடியையும் கழற்றி எறிந்து, பாரத்தைக் குறைத்து, இயந்திரத்தைக் கூர்மையாக்கி, வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தனர். 1932இல் வெளிவந்த எட்டுச் சிலிண்டர் போர்ட் இயந்திரம் அவர்களுக்குத் தேவாமிர்தம். இவ்வாறு மாற்றிய வண்டிக்கு ‘ஹொட் றொட்’ என்று பெயர். 1948 ஜனவரியில் அப்பெயரிலேயே ஒரு சஞ்சிகை தோன்றிற்று. இன்று அவற்றுக்கென்றே தனிக் காட்சிகள் நடக்கின்றன. எவர் எவ்வளவு துணிந்து மாற்றினார் என்பதே அங்கே பார்க்கப்படுகின்றது. அவர்கள் வேகத்துக்காக மாற்றினார்கள். எங்கள் பாஸ் கடுகண்ணாவை ஏறுவதற்காக மாற்றினார். அவர்களுடையதற்குப் பெயருண்டு, எங்களுடையதற்கு இன்னும் பெயரில்லை.

பழைய கதை என்று இதைத் தள்ளிவிடவும் முடியாது. 2020 மார்ச்சில் வண்டி இறக்குமதி மீண்டும் நின்றது. தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியிலேதான் வழி திறந்தது. இடையில் 2022இல் பெற்றோல் வரிசைகளில் நாட்கணக்காக நின்றோம். அவ்வைந்தாண்டில் எத்தனையோ வீடுகளில் மூலையில் கிடந்த கிழவண்டி மறுபடி றோட்டுக்கு வந்ததைக் கண்டோம். ஆனால் பாஸ்மார் குறைந்துவிட்டனர். கணினியைப் பூட்டிப் பழுது பார்க்கப் பழகிய இளைஞருக்கு, காபுரேற்றரின் ஓசையைக் காதால் கேட்டுத் திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பும் வித்தை தெரியாது. சொல்லிக் கொடுப்போரும் இல்லை. எழுதி வைத்தோரும் இல்லை. காட்சிகளில் சொந்தக்காரர் பெயரைப் பலகையில் எழுதுகின்றனர். வண்டியை ஓடவைத்த பாஸின் பெயர் எழுதிய பலகையை நாம் ஒருநாளும் கண்டதில்லை. ‘இலங்கையில் பேணியவை’ என்று ஒரு தனிப் பிரிவு வைத்து, யார், எந்த ஆண்டில், எதை, எதனால் மாற்றினார் என்று அங்கே எழுதி வைத்தால் கழகத்தாருக்கு என்ன நட்டம்?

நடுவர் சொன்னதற்குப் பின் எமக்கும் ஆசை வந்தது. பழைய 803 இயந்திரம் எம் வீட்டுக் கொட்டகையில் சாக்குச் சுற்றிய நிலையில் கிடக்கின்றது. சுழல்தண்டு ஒன்று தேடிப் பிடித்தால் அதனையே திரும்பப் பொருத்தலாம், பரிசும் கிடைக்கலாம். பாஸ் இப்போது முதியவர். பேரன் வீட்டில் இருக்கின்றார். அவரிடம் போய்க் கேட்டோம். சிரித்தார்.

“அசல் வேணும்னா அதையே போட்டுத் தரலாம் சேர். ஆனா கடுகண்ணாவையிலே நின்னா என்னையத் திட்டக்கூடாது.”

சென்ற விடுமுறையில் மகள் அந்தச் சாக்கை அவிழ்த்தாள். பாஸ் முற்றத்து நாற்காலியில் இருந்தபடி எந்தத் திருகாணியை முதலில் கழற்றுவது என்று சொல்லச் சொல்ல, அவள் கழற்றிக் கழற்றி வரிசையாகப் பழைய பத்திரிகைத் தாளில் அடுக்கினாள். பக்கத்து மூடியொன்றைத் துடைத்தபோது அதன் உட்புறத்தில் ஆணியால் கீறிய எழுத்துத் தெரிந்தது: 7.4.61. தந்தையார் வண்டியை வாங்குவதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்! பாஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார். தம்முடைய கை அன்று என்றார். யாரோ ஒருவர் அப்போதே அதைத் திறந்து எதையோ சரிசெய்து மூடியிருக்கின்றார்.

மகள் அந்த மூடியைத் தனியே எடுத்து வைத்திருக்கின்றாள். வண்டியை இருந்தபடியே, ஜப்பானிய இயந்திரத்தோடு, அடுத்த காட்சிக்குக் கொண்டுபோகத் தீர்மானித்துள்ளோம். மூடியும் உடன் வரும். பாஸும் வருவதாகச் சொல்லியிருக்கின்றார், முன்னாசனம் தருவதானால்.