பத்திரிகை நிருபரும் கூத்துக் களரியும்

நாடகத்தைப் பற்றி நாளேட்டில் எழுதுவோர் இரு பணிகளை ஒருசேர மேற்கொள்கின்றனர். எங்கு, எவர், எதனை ஆடினர் என்று கூறுவது செய்தி. ஆடியது எத்தகையது என்று கூறுவது விமர்சனம். ஆடி முடிந்த நாடகம் மீளாதாகையால், பின்வரும் ஆய்வாளனுக்குப் பிரதிக்கு அடுத்தபடியாகக் கிடைக்கும் சான்று பெரும்பாலும் இப்பத்திரிகைத் தாளே. 1956 நவம்பர் 3ஆம் நாள் கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் மேடையேறிய சரச்சந்திரவின் 'மனமே'யைப் பற்றிப் பேசுவோர், ரெஜி சிறிவர்த்தன ஆங்கில நாளேட்டில் எழுதிய மதிப்புரையையும் உடன் நினைவுகூர்தல் இதனாலேயே.

ஆயின் கூத்துக்கு இவ்வாய்ப்பு எளிதில் வாய்ப்பதில்லை. வட்டக்களரியில் இரவு தொடங்கும் ஆட்டம் விடியலில் முடிவது. நாளேடோ நள்ளிரவுக்கு முன்பின்னாக அச்சேறுவது. வரவுப் பாட்டைக் கேட்டுப் புறப்பட்டுவிடும் நிருபர், கதையின் உச்சத்தைக் காணாமலே அதனை எழுத நேர்கின்றது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்' கூத்தைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்தபோது, அது நிருபரின் கைக்கடிகாரத்துக்கும் இயைந்தது. அவர் கருதியது இதுவன்று. எனினும் விளைவு அதுவாயிற்று.

மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொல போன்றதோர் ஊரிலிருந்து நோக்குகையில் இக்குறை மேலும் துலங்கும். கொழும்பு மேடை அங்குத் தாளில் வந்து சேரும். மலையகத் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தோ தாளுக்குச் செல்வது அரிது. மாசி மாதத்தில் காமன் நட்டு, நாள்தோறும் தப்பொலியோடு ஆடி, தகனத்தோடு நிறைவுறும் இக்கூத்துக்கு ஓரிரவு வருகை போதாது. வரும் நிருபரும் தகன இரவிலேயே வருகின்றார். மறுநாட் செய்தியில் அது 'திருவிழா' எனும் தலைப்பின்கீழ் ஒடுங்குகின்றது. ரதியின் புலம்பலைப் பாடியவர் எவர், அவருக்கு அதனைப் பயிற்றியவர் எவர் என்பன விடுபடுகின்றன. எழுதாப் பாடலைக் காத்துநிற்போர் முதியோர். அவர் மறைவோடு அதுவும் மறையும்.

எனவே தோட்டத்துக்குச் செல்லும் நிருபர் முதலிற் குறிக்கவேண்டுவது தம் கருத்தையன்று என்போம். கூத்தைப் பழக்கும் மாஸ்டரின் பெயர், வேடம் பூண்டோர், ஆடிய லயத்து முற்றம், தொடங்கிய நேரம், அவ்வாண்டு விடப்பட்ட பாடல், விட்டதன் காரணம் ஆகியவற்றை அவர் கேட்டெழுதுதல் வேண்டும். இயலுமாயின் காமன் நடும் நாளிலேயே சென்று.