முத்துப்பழனி: அச்சில் விடுபட்ட வம்சவரிசை

18ஆம் நூற்றாண்டு, தஞ்சாவூர். மராத்திய மன்னர் பிரதாபசிம்மரின் (ஆட்சி: 1739–1763) அவையில் முத்துப்பழனி என்ற தேவதாசி தெலுங்கில் கவிதை எழுதினார். ராதை, கண்ணன், இளா மூவரையும் சுற்றிச் சுழலும் ‘ராதிகா சாந்த்வனம்’ அவருடைய காவியம். 584 பாடல்கள்.

காவியம் எழுதுகிறவர் தம் குலமரபைச் சொல்வது அன்றைய வழக்கம். முத்துப்பழனி சொன்ன மரபில் முன்னிற்பவர்கள் பெண்கள்: பாட்டி தஞ்சநாயகி, அத்தை. அவரையும் சேர்த்து மூன்று பெண்களைக் கோத்துச் சொல்லும் அரிய இலக்கிய வம்சவரிசை இது.

1887இல் நூல் அச்சேறியபோது அந்தப் பகுதியையே பதிப்பாசிரியர் விட்டுவிட்டார். சில பாடல்களும் விடுபட்டன. புத்தகம் கிடைத்தது, எழுதியவர் யார் வீட்டுப் பெண் என்பது மறைந்தது.

அதை மீட்டவர் பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952). திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய அதே இசைக் கலைஞர். அவரும் தேவதாசி மரபினர். சுவடியைத் தேடிப் பெற்று, அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டு, விடுபட்டவற்றைச் சேர்த்து 1910இல் புதிய பதிப்பைக் கொண்டுவந்தார். சென்னையில் வாவிள்ள நிறுவனம் வெளியிட்டது.

ஒரு பெண் சிருங்காரத்தை இவ்வளவு வெளிப்படையாக எழுதலாமா என்று எதிர்ப்பு கிளம்பியது. பிரிட்டிஷ் அரசு நூலைத் தடைசெய்து பிரதிகளைப் பறிமுதல் செய்தது.

சென்னை மாகாண முதல்வராக (1946–47) இருந்த டி. பிரகாசத்தின் முயற்சியால் தடை நீங்கியது. தாம் பதிப்பித்த நூலுக்கு விடுதலை கிடைத்ததை நாகரத்தினம்மாள் தம் வாழ்நாளிலேயே பார்த்தார்.