வண்டலூர் சிங்கங்களும் வைரசின் புதிய முகங்களும்

"தடுப்பூசி போட்ட பின்னரும் அப்பாவுக்குக் கோவிட் ஏன் வந்தது? அப்படியானால் ஊசியால் என்ன பயன்?" நோயாளிகளின் குடும்பத்தார் எங்களிடம் கேட்கும் கேள்வி இது. விடையைத் தாம்பரத்தை அடுத்துள்ள வண்டலூரிலிருந்தே தொடங்கலாம்.

2021 மே மாத இறுதியில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் சிங்கங்கள் இருமலுற்றுச் சோர்ந்தன. சோதிக்கப்பட்ட 11 சிங்கங்களில் 9 சிங்கங்களுக்குத் தொற்று உறுதியானது. ஜூன் 3 அன்று நீலா என்னும் பெண் சிங்கம் இறந்தது. அம்மாதமே மற்றொரு சிங்கமும் மாண்டது. மரபணுவைப் பகுத்தறிய நான்கு மாதிரிகள் போபாலுக்கு அனுப்பப்பட்டன. நான்கிலும் இருந்தது டெல்டா. அப்போது நம் இல்லங்களை வாட்டிய அதே வகை.

டெல்டா எவ்வாறு தோன்றியது? வைரஸ் தன் மரபுச் செய்தியைப் படியெடுத்தே பெருகுகிறது. ஏட்டைப் பெயர்த்து எழுதுவோரிடம் எழுத்துப்பிழை நேர்வது போல, இங்கும் பிழைகள் நேர்கின்றன. பெரும்பாலானவை வைரசுக்குப் பயன்படுவதில்லை. அரிதாக ஒரு பிழை உதவிவிட்டால், அவ்வகை மற்றவற்றை முந்துகிறது. இதில் வைரசின் திட்டம் ஏதுமில்லை. டெல்டாவின் ஸ்பைக் புரதத்தில் நேர்ந்த மாற்றங்களுள் ஒன்று, அது நம் செல்லோடு எளிதில் இணைய உதவியது. ஆகவே அது விரைந்து பரவியது.

அவ்வாண்டின் இறுதிக்குள் நம்மில் பலர் தடுப்பூசியாலோ தொற்றாலோ எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தோம். அந்நிலையில் விரைவு மட்டும் போதாது. எதிர்ப்பாற்றலுக்குத் தப்பும் வகையே முந்த இயலும். ஒமைக்ரான் அத்தகையது. தமிழகத்தின் முதல் ஒமைக்ரான் தொற்று 2021 டிசம்பர் 15 அன்று அறிவிக்கப்பட்டது. அந்நோயாளி கிண்டி கிங் வளாக மருத்துவமனையில் சிகிச்சை பெற்றார். ஒமைக்ரானின் ஸ்பைக் புரதத்தில் 30க்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருந்தன. முந்தைய உருவத்தைப் பற்றிப் பிடிக்கப் பழகிய ஆன்டிபாடிகளால் புதிய உருவத்தை முன்போல் பிடிக்க முடியவில்லை.

ஆயினும் ஆன்டிபாடி மட்டுமே நம் காவல் அன்று. 'டி' செல்கள் வைரஸ் புரதத்தின் பல பகுதிகளை அடையாளம் காண்பவை. சில பகுதிகள் மாறினாலும் மற்றவை அவற்றுக்குப் புலப்படும். தடுப்பூசி பெற்றவருக்குத் தொற்று வரலாம். ஆனால் நோய் கடுமையாகும் வாய்ப்பு குறைகிறது. ஊசியின் பயன் அதுவே.

ஒவ்வொரு தொற்றும் வைரசுக்குப் புதிதாய்ப் படியெடுக்கும் வாய்ப்பு. எதிர்ப்பாற்றல் மிகக் குன்றியோரின் உடலில் அது நெடுநாள் தங்கிப் பல மாற்றங்களைச் சேர்த்துக்கொள்ளவும் கூடும். எனவே புற்றுநோய் சிகிச்சை பெறுவோர், உறுப்பு மாற்றம் செய்துகொண்டோர், முதியோர் ஆகியோரைக் காப்பது நம் அனைவரையும் காப்பதாகும். காய்ச்சலோ இருமலோ உடையவர்கள் நோயாளியைக் காண வருவதைத் தள்ளிப்போடுங்கள். வந்தே தீரவேண்டுமெனில் முகக்கவசம் அணியுங்கள். வீட்டு முதியவருக்கு மூச்சுத்திணறல் கண்டால், மறுநாள் வரை காத்திராமல் உடனே அழைத்து வாருங்கள்.