பயணத்தில் கையடக்கத் திசைவி

கையடக்கத் திசைவி என்பது ஓர் இணைய இணைப்பைப் பெற்று, அதை வைஃபை வழியாகப் பல கருவிகளுக்குப் பகிர்ந்து தரும் சிறிய கருவி ஆகும். ரவுட்டர் என்று பொதுவாக அழைக்கப்படும் வீட்டுத் திசைவி செய்யும் வேலையையே இதுவும் செய்கிறது. சட்டைப்பையில் அடங்கும் அளவும், இருக்கும் இடத்தை விட்டு நகரும் வசதியுமே வேறுபாடுகள். ஜப்பானில் இது பாக்கெட் வைஃபை என்றும், தென் கொரியாவில் வைஃபை எக் என்றும் அழைக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் பலர் இதை டாங்கிள் என்கின்றனர். ஆனால் டாங்கிள் என்பது கணினியின் யூ.எஸ்.பி. துளையில் செருகி, பெரும்பாலும் அந்த ஒரு கணினிக்கு மட்டும் இணைப்புத் தரும் பழைய கருவியையே முதலில் குறித்தது.

இக்கருவி இணையத்தை உண்டாக்குவதில்லை. வெளியிலிருந்து வரும் ஓர் இணைப்பைப் பங்கிடுவது மட்டுமே இதன் வேலை. கைபேசிக் கோபுரத்தின் அலை எட்டாத மலைப்பாதையில் விலை உயர்ந்த திசைவியும் வெறும் பெட்டிதான். வாங்கியபின் ஏமாற்றமடைவோரில் பெரும்பாலோர் இதைக் கவனிக்காமல் வாங்கியவர்களே.

இரண்டு வகைகள்

முதல் வகையில் சிம் அட்டை செருகப்படும். கோபுரத்திலிருந்து 4ஜி அல்லது 5ஜி இணைப்பைப் பெற்று, சுற்றியுள்ள கருவிகளுக்கு அது வைஃபையாகத் தரும். 2009ஆம் ஆண்டு அமெரிக்காவின் நோவாடெல் வயர்லெஸ் நிறுவனம் மைஃபை என்ற பெயரில் வெளியிட்ட கருவி இவ்வகையைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. இந்தியாவில் 2016இல் ஜியோ சேவை தொடங்கியபோது ஜியோஃபை கருவி பலரது கைக்கு வந்தது. ஜியோ வலையமைப்பில் 2ஜியும் 3ஜியும் கிடையாது என்பதால், 4ஜி வசதியில்லாத பழைய திறன்பேசி வைத்திருந்தவர்கள் இக்கருவியின் வைஃபையில் இணைந்து, ஒரு செயலி மூலம் அழைப்புகளும் செய்தனர். பயணத்திற்காக உருவான கருவி, இங்கே பழைய கைபேசிக்கு ஆயுளை நீட்டிக்கும் கருவியாகவும் பயன்பட்டது.

இரண்டாம் வகையில் சிம் இருக்காது. தங்கும் விடுதியின் ஈதர்நெட் கம்பியிலிருந்தோ வைஃபையிலிருந்தோ இணைப்பைப் பெற்று, அறைக்குள் தனி வைஃபை ஒன்றை இது உண்டாக்கும். 2004இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் இத்தகைய பயணத் திசைவிகளின் முன்னோடிகளுள் ஒன்று. சுவரிலுள்ள மின்துளையில் நேரடியாகச் செருகி, விடுதி அறையின் இணையக் கம்பியை அதில் இணைத்தால் போதும். இவ்வகைத் திசைவிகள் பலவற்றில் மின்கலம் இருப்பதில்லை. கைபேசிக்கு மின்னேற்றும் யூ.எஸ்.பி. கம்பியிலோ பவர்பேங்கிலோ அவை இயங்கும். இரண்டு வேலைகளையும் செய்யும் திசைவிகளும் உண்டு.

பல கருவிகள், ஒரே முகவரி

திசைவியின் உள்ளே நடப்பதை ஒரு மாணவர் விடுதியோடு ஒப்பிடலாம். விடுதிக்கு வெளியுலகம் அறிந்த முகவரி ஒன்றுதான். உள்ளே அறைகளுக்குத் தனித்தனி எண்கள் உண்டு. வரும் கடிதம் எந்த அறைக்கு உரியது என்று பார்த்துக் கொடுப்பவர் காப்பாளர். திசைவியும் தன்னிடம் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் 192.168 என்று தொடங்குவது போன்ற ஓர் உள்முகவரியைத் தருகிறது. இத்தகைய முகவரிகள் தனிவலையமைப்புகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. வெளி இணையத்தில் அவை செல்லாது. ஒரு கருவி வலைப்பக்கம் ஒன்றைக் கேட்கும்போது, திசைவி அக்கோரிக்கையின் மீது தன் முகவரியை எழுதி அனுப்புகிறது. யார் கேட்டது என்பதை ஓர் அட்டவணையில் குறித்துக்கொண்டு, பதில் வந்ததும் உரிய கருவியிடம் சேர்க்கிறது.

ஆகவே, உள்ளே பத்துக் கருவிகள் இருந்தாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு கருவியே தெரியும். இதனால் கிடைக்கும் பயன்களும், இதனால் வரும் தொல்லைகளும் இந்த ஒரு தன்மையிலிருந்தே பிறக்கின்றன.

தங்கும் விடுதியில்

இத்தன்மை மிகவும் கைகொடுக்கும் இடம் தங்கும் விடுதி. பல விடுதிகளில் வைஃபையில் இணைந்தவுடன் இணையம் கிடைத்துவிடாது. அறை எண்ணும் பெயரும் கேட்கும் நுழைவுப் பக்கம் ஒன்று முதலில் திறக்கும். சில விடுதிகள் ஓர் அறைக்கு இரண்டு அல்லது மூன்று கருவிகளையே அனுமதிக்கும். பயணத் திசைவியை விடுதியின் வைஃபையில் இணைத்து, தன் கைபேசி ஒன்றிலிருந்து அந்த நுழைவுப் பக்கத்தை நிரப்பிவிட்டால், விடுதியின் வலையமைப்பு அனுமதிப்பது திசைவியைத்தான். அதன்பின் திசைவியில் இணையும் மடிக்கணினி, மின்னூல் படிப்பான், தொலைக்காட்சியில் செருகும் ஸ்டிக் அனைத்துக்கும் வழி திறந்துவிடும். இத்தகைய ஸ்டிக்குகளில் நுழைவுப் பக்கத்தை நிரப்புவது பெரும் தொல்லை என்பதை ஒருமுறை முயன்றவர்கள் அறிவர். ஊருக்கு ஊர் கடவுச்சொல் மாறினாலும், குடும்பத்தாரின் கருவிகள் எப்போதும் திசைவியின் பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டுமே நினைவில் வைத்திருந்தால் போதும்.

நுழைவுப் பக்கம் திறக்க மறுப்பதும் உண்டு. பெரும்பாலும் காரணம், கைபேசியிலோ திசைவியிலோ விபிஎன் இயங்கிக்கொண்டிருப்பது அல்லது திசைவியில் வேறு டிஎன்எஸ் முகவரி அமைத்திருப்பது. இரண்டையும் நிறுத்தி, நுழைந்தபின் மீண்டும் இயக்கவேண்டும். வேகம் பாதியாகக் குறைந்தால் திசைவியில் பழுது என்று எண்ண வேண்டியதில்லை. ஒரே வானொலி அமைப்பு மட்டும் உள்ள மலிவான திசைவி, விடுதியின் வைஃபையைக் கேட்பதையும் கருவிகளுக்குப் பேசுவதையும் மாறி மாறிச் செய்யவேண்டியிருக்கிறது. 2.4 ஜிகாஹெர்ட்ஸில் பெற்று 5 ஜிகாஹெர்ட்ஸில் தரும் திசைவிக்கு இந்த இடர் இல்லை. கம்பி கிடைக்கும் அறையில் கம்பியைப் பயன்படுத்துவதே மேல். கருவி வரம்பை இவ்வாறு கடப்பதைத் தடைசெய்யும் விடுதிகளும் உண்டு என்பதால், வரவேற்பறையில் கேட்டுக்கொள்வது நல்லது.

தரவு தீரும் விதம்

சிம் திசைவியில் எதிர்பாராத செலவு இங்கேதான் வருகிறது. கைபேசியில் சொந்த சிம்மில் இணையம் ஓடும்போது அது சிக்கனமாக நடந்துகொள்ளும். செயலிகளின் புதுப்பிப்பு, ஒளிப்படங்களைச் சேமிப்பகத்துக்கு ஏற்றுவது போன்ற பெரிய வேலைகளை வைஃபை கிடைக்கும்வரை ஒத்திவைக்கும். திசைவி தருவதும் வைஃபை. அதன் பின்னால் இருப்பது அளவிட்ட சிம் தரவு என்பது கைபேசிக்குத் தெரியாது. ஆகவே ஒத்திவைத்த வேலைகள் அனைத்தையும் அது தொடங்கிவிடும்.

சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு இரவு ரயிலில் செல்லும் நால்வரை எடுத்துக்கொள்ளலாம். நாளொன்றுக்கு 2 ஜிபி திட்டம் உள்ள ஒரு சிம், ஒரு திசைவி. பகலில் எடுத்த காணொளிகளை ஒருவரது கைபேசி தானாக ஏற்றத் தொடங்குகிறது. இன்னொருவரது மடிக்கணினி விண்டோஸ் புதுப்பிப்பை இறக்குகிறது. யாரும் எதையும் பார்க்காமலே, செங்கல்பட்டைத் தாண்டுவதற்குள் அன்றைய அளவு தீர்ந்துவிடக்கூடும். தீர்ந்தபின் இந்தியத் திட்டங்கள் பலவற்றில் வேகம் நொடிக்கு 64 கிலோபிட் ஆகக் குறைக்கப்படும். அந்த வேகத்தில் 1 எம்பி அளவுள்ள ஒரு படம் இறங்கவே இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அன்றிரவு 11.59க்குள் விண்ணப்பம் ஒன்றை அனுப்பவேண்டிய மாணவர் அந்த நால்வரில் இருந்தால், அவருக்கு அது இணையம் இல்லாததற்குச் சமம்.

இதற்குத் தீர்வு எளிது. ஆனால் ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியே செய்யவேண்டும். விண்டோஸிலும் ஆண்ட்ராய்டிலும் அந்த வைஃபையை அளவிடப்படும் இணைப்பு என்று குறித்துவிடலாம். ஐஃபோனில் அந்த வைஃபைக்கு மட்டும் குறைந்த தரவுப் பயன்முறையை இயக்கலாம். அதன்பின் அவை சிம் தரவில் இருப்பதுபோலவே அடங்கி நடக்கும். காணொளியின் தரத்தைக் குறைப்பதும் பெரிதும் உதவும். உயர்தரக் காணொளி ஒரு மணி நேரத்தில் 3 ஜிபி வரை விழுங்கக்கூடியது. சாதாரணத் தரத்தில் ஏறத்தாழ 1 ஜிபி போதும்.

ரயிலில் திசைவியை இருக்கைக்கு அடியில் பெட்டிக்குள் வைப்பவர்கள் உண்டு. ரயில் பெட்டியின் உலோகச் சுவர்களைத் தாண்டிக் கோபுர அலை எளிதில் வராது. சன்னல்தான் அதற்கு வழி. திசைவியைச் சன்னலோரம் வைத்தால் போதும், அங்கிருந்து அதன் வைஃபை அடுத்த இருக்கைகளை நன்றாகவே எட்டும். ஆனால் காரின் முன்கண்ணாடிக்கு அருகே வெயிலில் வைக்கக்கூடாது. சூட்டில் லித்தியம் மின்கலம் உப்பிவிடும்.

பாதுகாப்பு

வெளியிலிருந்து ஒரு முகவரியே தெரியும் என்பதன் மறுபக்கம் பொறுப்பு. திசைவி வழியே யார் எதைச் செய்தாலும் அது சிம் உரிமையாளர் செய்ததாகவே பதிவாகும். 2008 ஜூலையில் அகமதாபாத் தொடர் குண்டுவெடிப்புகளுக்குச் சற்றுமுன் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதன் ஐபி முகவரியைப் பின்தொடர்ந்த காவல்துறை, நவி மும்பையில் வசித்த அமெரிக்கர் ஒருவரின் வீட்டை அடைந்தது. பாதுகாப்பின்றி இருந்த அவரது வைஃபையை வேறு சிலர் பயன்படுத்தியிருந்தனர். அது வீட்டு இணைப்பு. காத்திருப்பு அறையில் முன்பின் அறியாதவர்கள் நடுவே இயங்கும் கையடக்கத் திசைவிக்கு அந்த இடர் கூடுதலே தவிரக் குறைவல்ல.

எனவே டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 பாதுகாப்பை இயக்கி, நீளமான கடவுச்சொல் வைக்கவேண்டும். வைஃபை கடவுச்சொல் வேறு, திசைவியின் அமைப்புப் பக்கத்துக்கான கடவுச்சொல் வேறு. பலர் முதலாவதை மாற்றிவிட்டு, இரண்டாவதைத் தொழிற்சாலையில் வைத்தபடியே விட்டுவிடுகின்றனர். வழியில் சந்தித்தவருக்குச் சிறிது நேரம் இணைப்புத் தர விரும்பினால் விருந்தினர் வலையமைப்பு என்ற வசதியைப் பயன்படுத்தி, அவர் இறங்கியதும் நிறுத்திவிடலாம்.

வங்கிக் கணக்கோடு இணைத்த கைபேசி எண்ணின் சிம்மைத் திசைவிக்குள் போடுவது தவறு. ஒருமுறைக் கடவுச்சொல்லாக வரும் குறுஞ்செய்தி திசைவிக்கே போய்ச் சேரும். அதை அமைப்புப் பக்கத்தில் தேடித்தான் படிக்க இயலும். சில கருவிகளில் அதுவும் முடியாது. திசைவிக்கென்று தனி சிம் வைத்திருப்பதே வழி.

வெளிநாட்டிலும் விமானத்திலும்

இந்தியாவில் வாங்கிய திசைவி வேறு நாட்டில் வேலை செய்யுமா என்பது இரண்டு கேள்விகளைப் பொறுத்தது. ஒரே நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும்படி அது பூட்டப்பட்டிருந்தால் அங்கே பயனில்லை. பூட்டு இல்லாவிட்டாலும் அந்நாட்டின் அலைவரிசைகள் அதில் இருக்கவேண்டும். 4ஜிக்கு நாடு தோறும் வெவ்வேறு அலைவரிசைகள் பயன்படுகின்றன. ஜியோ பயன்படுத்தும் 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ள கருவிக்கு அமெரிக்காவில் பல இடங்களில் அலை கிடைக்காது. 3ஜி மட்டும் உள்ள பழைய கருவிகளை எடுத்துச் செல்வதிலும் பொருளில்லை. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022க்குள் 3ஜியை நிறுத்திவிட்டன.

இதனாலேயே ஜப்பான் செல்வோர் பலர் விமான நிலையத்திலேயே திசைவியை வாடகைக்கு எடுக்கின்றனர். நரிதா, ஹனேதா போன்ற நிலையங்களில் இதற்கான கடைகள் உள்ளன. திரும்பும்போது, உடன் தரப்படும் உறையில் இட்டு அஞ்சல் பெட்டியில் போட்டுவிடவும் வழியுண்டு. தனியே பயணிப்பவருக்கு இன்று இ-சிம் போதும். கைபேசியே ஹாட்ஸ்பாட் ஆகும் வசதி ஆண்ட்ராய்டில் 2010 முதலும், ஐஃபோனில் 2011 முதலும் இருக்கிறது. இருவர் ஓரிரு நாள் சென்றுவர அதுவே நிறைவானது. நான்கைந்து பேர் பல நாள் சுற்றும்போதுதான் திசைவி தன் விலையை ஈடுசெய்யும். ஹாட்ஸ்பாட் தரும் கைபேசி விரைவில் மின்னிழக்கும். அதன் உரிமையாளர் கடைக்குப் போனால் மற்றவர்களின் இணையமும் உடன் போய்விடும்.

விமானத்தில் சிம் திசைவியை இயக்கக்கூடாது. கைபேசியை விமானப் பயன்முறையில் வைக்கச் சொல்லும் விதி இதற்கும் பொருந்தும். அணைத்துக் கைப்பையில் வைத்து எடுத்துச் செல்லலாம். 100 வாட்-மணி வரையுள்ள லித்தியம் மின்கலக் கருவிகளுக்குத் தனி அனுமதி தேவையில்லை, 3.7 வோல்ட்டில் 3000 மில்லியாம்பியர்-மணி உள்ள மின்கலம் சுமார் 11 வாட்-மணிதான். உதிரி மின்கலத்தையும் பவர்பேங்கையும் சரக்குப் பெட்டியில் போடக்கூடாது.

வாடகைத் திசைவியைத் திருப்பித் தரும் முன் அதை மீளமைக்கவேண்டும். கருவியில் மின்கலத்தின் அருகே ஊசிமுனை அளவில் ஒரு துளையோ, அமைப்புப் பக்கத்தில் அதற்கான ஒரு தெரிவோ இருக்கும். துளையை ஊசியால் பத்து நொடி அழுத்திப் பிடித்தால், பயணி வைத்த பெயரும் கடவுச்சொல்லும், இணைந்த கருவிகளின் பட்டியலும், வந்து சேர்ந்த குறுஞ்செய்திகளும் பெரும்பாலான திசைவிகளில் அழிந்துவிடும். சிம் தன்னுடையது என்றால் அதை முதலில் கழற்றிக்கொள்ளவேண்டும்.