பெயரில்லாக் கலம்

கடற்போரின் சரித்திரத்தை எழுதுவோர் பெரும்பாலும் பெரும் போர்க்கப்பல்களையே எடுத்துப் புகழ்வர். ஆயின், பெயருமின்றி வெறும் இலக்கத்தால் மட்டும் அழைக்கப்பட்ட சிறு கலங்கள் பலவும் இரண்டாம் உலகப் போரில் அரிய தொண்டு புரிந்தன. அவற்றுள் ஒன்றாகிய எல். சி. டி. 7074 என்னும் பிரிட்டிஷ் தரையிறங்கு கலத்தின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றேன்.

இத்தகைய கலம் வேண்டப்பட்ட காரணம் யாது? பெருங்கப்பல் சரக்கிறக்கத் துறைமுகம் வேண்டும். துறைமுகங்களோ பகைவர் கைப்பட்டிருந்தன. 1940-ஆம் ஆண்டில் டன்கர்க் கரையினின்றும் பிரிட்டிஷ் படை மீண்டபின், ஐரோப்பிய நிலத்தில் மறுபடியும் கால் வைப்பது எங்ஙனம் என்னும் வினா எழுந்தது. டாங்கிகளைத் திறந்த கடற்கரையிலேயே இறக்கவல்ல கலம் வேண்டுமெனச் சர்ச்சில் அவ்வாண்டிலேயே வற்புறுத்தினார். 1942 ஆகஸ்டு 19-இல் டியெப் துறைமுகத்தைத் தாக்கியவர் பெருஞ்சேதமுற்றுத் திரும்பியதும், காவல் மிக்க துறைமுகத்தை நேரே கைப்பற்றுதலின் அருமை விளங்கிற்று. ஆகவே வெறும் மணற்கரையே வாயிலாயிற்று.

தமிழிற் 'கலம்' என்னுஞ் சொல் மரக்கலத்தையும் உண்கலத்தையும் ஒருங்கே குறிக்கும். அவ்விரு பொருளும் இதற்கு நன்கு பொருந்தும். ஏனெனில் இது, சுமார் 190 அடி நீளமும் 30 அடி அகலமும் உடையதாய், மேலே திறந்து கிடக்கும் ஓர் இரும்புப் பெட்டியே. இதன் அடி தட்டையானது. முன்புறம் நீரில் ஆழ்வது ஏறத்தாழ 4 அடியே. முகப்பே கதவு, அக்கதவைக் கரையிற் சாய்த்தால் அதுவே பாலம். கரையை அணுகுமுன் பின்புறத்தினின்று ஒரு நங்கூரத்தைக் கடலில் விட்டுச் செல்வர். சுமை இறங்கியபின் அந்நங்கூர வடத்தைப் பொறியாற் சுற்றியிழுக்க, கலம் மணலைவிட்டுப் பின்னோக்கி நகரும். வடம் அறுமாயின், கலம் கரையிற் சிக்கிப் பகைவர் குண்டிற்கு இலக்காகும். கரையில் உதவிய தட்டை அடியோ நடுக்கடலில் அலைக்கு ஈடுகொடாது உருண்டு ஆடி, உள்ளிருப்போரை வருத்தும்.

7074 இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையிலுள்ள ஹெப்பர்னிற் கட்டப்பெற்று, 1944-ஆம் ஆண்டில் நீரில் இறக்கப்பட்டது. அதனைச் செலுத்தினோர் ஏறத்தாழப் பன்னிருவரே. தலைவராயிருந்த ஜான் பாகட் என்பவர் கடற்படையின் தன்னார்வச் சேமப்படையைச் சேர்ந்தவர். 22-ஆம் கவசப் படைப்பிரிவின் 10 டாங்கிகளைச் சுமந்து, பெலிக்ஸ்டோ துறையினின்று அக்கலம் புறப்பட்டது. நார்மண்டிப் படையெடுப்பிற் கலந்துகொண்ட எண்ணூற்றுக்கு மேற்பட்ட டாங்கிக் கலங்களுள் இஃது ஒன்று. ஜூன் 6-ஆம் நாள் முதற்படையினர் கரையேறினர். மறுநாள் நள்ளிரவு கழிந்து சுமார் 2 மணிக்கு, 'கோல்ட்' எனக் குறியிடப்பெற்ற கரையில் 7074 தன் கதவைச் சாய்த்தது.

டாங்கிகள் இறங்கின, கலம் பின்னோக்கி மீண்டது, இறங்கினோர் முன்னோக்கிச் சென்றனர். அடுத்த வாரமே, ஜூன் 13-ஆம் நாள், வில்லேர்-போகாஷ் என்னும் ஊரில் அப்படைப்பிரிவு பெருஞ்சேதமுற்றது. கரைவரை கொண்டு சேர்த்தலே கலத்தின் கடன். அதற்கப்பால் நேர்ந்தவை அதன் கணக்கிற் சேரா.

போர் முடிந்தபின் அதன் கதை வியப்பூட்டுவது. 1948-இல் லிவர்ப்பூல் நகரத்து மாலுமித் தலைவர் கழகத்தார் அதனைப் பெற்று, 'லாண்ட்பால்' என்று பெயரிட்டனர். போரிற் பெயரின்றி உழைத்த கலத்திற்கு ஓய்விற் பெயர் வாய்த்தது! பின்னர் அஃது இரவுக் கேளிக்கை விடுதியுமாயிற்று. இறுதியில் கவனிப்பாரற்று, பர்க்கன்ஹெட் துறையில் நீரில் மூழ்கிக் கிடந்தது. 2014-இல் அதனை மேலெடுத்துச் செப்பனிட்டனர். 2020-ஆம் ஆண்டில் போர்ட்ஸ்மத் நகரின் சௌத்ஸீ கடற்கரைக்குக் கொணர்ந்து, இரு டாங்கிகளை அதன்மேல் நிறுத்தி, மக்கள் காணுமாறு வைத்தனர். நார்மண்டிக்குச் சென்ற டாங்கிக் கலங்களுள் இன்று எஞ்சி நிற்பது இதுவொன்றே என்பர்.

போர்க்கருவியைப் பேணிக் காத்தல் தகுமோ எனச் சிலர் வினவக்கூடும். வெற்றியைக் கொண்டாடுதற்கெனில் தகாது என்பதே என் கருத்து. ஆயின் அக்கதவின்மேல் இறங்கிச் சென்றவருள் திரும்பாதோர் பலர். அவர்கள் கடைசியாக மிதித்த தளத்தின்மீது நின்று அவர்களை எண்ணுதற்கு ஓரிடம் வேண்டுமன்றோ? எண்ணூறு கலங்களுள் ஒன்றாவது அதற்கு எஞ்சியது நன்றேயாம்.